டைரியில் ஓர் அரைவட்டம்

"அந்தப் புள்ள வரலையா?"

கீழச்சிவல்பட்டி வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, முகப்பைத் தாண்டி உள்முற்றத்து வளவுக்குள் காலெடுத்து வைத்த என்னிடம் ஆச்சி கேட்ட முதல் கேள்வி இது. கேட்கும்போது அவர் கண் என்மேல் இல்லை. வாசலில் நின்றிருந்த காரின் இன்னொரு கதவு திறக்கிறதா என்று என் தோளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த வீட்டுக்கு ஆறு வருஷமாகப் போய்வருகிறேன். "அந்தப் புள்ள" எங்கள் அலுவலகத்தில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவளுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஆச்சியின் முகம் வாடியது. அதையும் பார்த்துத் தொலைத்தேன்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பெரிய நன்கொடைகளைத் திரட்டும் பொறுப்பு என்னுடையது. கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் ஒருவரையாவது மாதச் சம்பளத்தில் உட்காரவைப்பது எங்கள் நிறுவனத்தின் வேலை. தையல் மிஷினைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிட மாட்டோம். பயிற்சி கொடுத்து, முதல் வேலை வாங்கிக் கொடுத்து, அந்த வேலையில் அவர்கள் ஒரு வருஷம் நிலைக்கும்வரை கூடவே நடப்போம். ஒரு குடும்பம் ஒரு படி ஏறுவதற்கு நிறையப் பணமும் அதைவிட நிறையப் பொறுமையும் வேண்டியிருக்கிறது. நூறு ரூபாய் ரசீதுப் புத்தகத்தை நீட்டி அதைச் சேர்க்க முடியாது. நான்கைந்து பெரிய மனசுக்காரர்கள் வேண்டும். அவர்களைத் தேடிப் பிடிப்பவள் நான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வசதி உண்டு. பணக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பார்கள், வீடு மட்டும் ஊரில் இருக்கும். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று ஏதாவது வந்தால் பூட்டிய வீடு திறக்கும். எந்த வீடு எப்போது திறக்கும் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் என் தொழிலில் பாதி. சமையல் மாஸ்டர்களும் பந்தல்காரர்களும்தான் எனக்கு உளவாளிகள். கண்டரமாணிக்கத்தில் ஒரு வீட்டுக்கு வாழைமரம் இறங்குகிறது என்றால், வீட்டுப் பங்காளிகளுக்கே தெரியுமுன் எனக்குத் தெரிந்துவிடும்.

மீதிப் பாதி ஒரு டைரியில் இருந்தது. கொடையாளர் குடும்பங்களை அதில் மரமாக வரைந்து வைத்திருந்தேன். நகரத்தார் கோயில் கணக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்து தனியாக இருப்பவர் அரைப்புள்ளி. ஆளுக்கு எவ்வளவு வரி என்று கோயிலுக்காகப் போடுகிற கணக்கு அது. நான் அந்தச் சமூகம் இல்லை. எங்களுடையது விவசாயக் குடும்பம், அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். ஆனாலும் அந்தக் கணக்கு எனக்குப் பிடித்துப்போனது. கேட்க வேண்டிய தம்பதிக்கு ஒரு முழு வட்டம். மரியாதைக்குப் பார்த்து வர வேண்டிய விதவை ஆச்சிகளுக்கு ஓர் அரைவட்டம். கீழச்சிவல்பட்டி ஆச்சியின் பெயருக்கு எதிரே அரைவட்டம் போட்டு, "சர்க்கரை இல்லாத காபி. பேத்தியைப் பற்றிக் கேட்க வேண்டும். முடிவு: மூத்த மகன், சிங்கப்பூர்" என்று எழுதியிருந்தேன். இரண்டாம் வருஷம் ஒருமுறை அந்த டைரியை அவர் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் டிரைவர் போய் வாங்கி வந்தார். அதை நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

எனக்கென்று சில விதிகள் இருந்தன. முதல் மூன்று சந்திப்பில் பணப்பேச்சு கூடாது. கொடுத்த பலகாரத்தில் ஒன்றுக்குமேல் எடுக்கக்கூடாது. வாய்விட்டுக் கேட்கவே கூடாது, அவர்களே "நான் ஏதாவது செய்யணுமே" என்று சொல்லும்படி பேச்சைக் கொண்டுபோக வேண்டும். இந்த விதிகளைப் பற்றி வெளியூர்ப் பயிலரங்குகளில் வகுப்பெல்லாம் எடுத்திருக்கிறேன். ஆச்சி வீட்டில் ஆறு வருஷமாக ஒரே ஒரு வெள்ளைப் பணியாரம் தின்றவள் நான். ஆச்சி எப்போதும் மடியில் ஒரு டேப்லெட் வைத்திருப்பார். என்னைக் கண்டதும் அதைக் கவிழ்த்து வைப்பார். சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம், நாம் வந்து கெடுத்துவிட்டோம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்தப் பெண்ணை ஒருநாள் என்னோடு அழைத்துப் போனேன். அவளுக்கு இருபத்தெட்டு வயது. எங்கள் நிறுவனத்தின் தொடக்க காலத்து மாணவி. கீழச்சிவல்பட்டியின் ஓரத்தில்தான் அவள் வீடு, அம்மா ஆச்சி வீட்டிலும் அந்தத் தெருவின் மற்ற பெரிய வீடுகளிலும் பாத்திரம் தேய்த்தவர். அந்த வீடுகளுக்கு முன் வாசல் ஒரு தெருவில், பின் வாசல் அடுத்த தெருவில். அவள் அம்மா முன் வாசலைப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. எங்களிடம் கணினியும் கணக்கும் படித்து, கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருந்துவிட்டு, இங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று திரும்பி வந்தவள். நிர்வாகக் குழு அவளை எனக்கு உதவியாகப் போட்டது.

அன்றைக்கு அவள் என் விதிகளை ஒவ்வொன்றாக உடைத்தாள். முதல் பணியாரத்தைத் தின்றுவிட்டு, "இன்னும் ரெண்டு வைங்க ஆச்சி" என்றாள். சட்னியில் உப்புக் குறைவு என்றாள். ஆச்சி சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பி உப்புக் கொண்டுவரச் சொன்னார். அந்த வீட்டில் நான் ஆச்சியின் பல்லைப் பார்த்தது அன்றுதான். சாப்பிட்டு முடித்ததும் இருவரும் வீட்டின் பின்பகுதியில் இரண்டாம் கட்டுப் பக்கம் பேசிக்கொண்டே போனார்கள். நான் வளவில் தனியாக உட்கார்ந்து, தூண்களை ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு என்னை "வாங்க, நல்லா இருக்கீகளா" என்று வரவேற்ற ஆச்சி, அவளை "ஏத்தா, வா" என்றார். மரியாதை எனக்குத்தான் அதிகம். அந்த மரியாதையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு "ஏத்தா"வை வாங்கிக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது.

மற்ற வீடுகளிலும் இதே கதைதான். அவள் தன் அம்மாவின் வெடிப்பு விழுந்த கைகளைப் பற்றிச் சொல்வாள். அழுகையெல்லாம் கிடையாது, சாதாரணமாகச் சொல்வாள். கேட்பவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நான் பக்கத்தில் ஃபைலோடு உட்கார்ந்திருப்பேன். என்னிடம் என்ன கதை இருக்கிறது? அப்பா மாதம் தவறாமல் சம்பளம் வாங்கினார். தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்தார். நான் சைக்கிளில் பள்ளிக்குப் போனேன். இதைக் கேட்டு யார் கண்ணாடியைத் துடைப்பார்கள்? அவள் ஏறியது பத்துப் படி, நான் ஏறியது ஒன்றரை. அவள் பட்ட பட்டினியைப் பார்த்துக்கூட நான் பொறாமைப்பட்டேன். இதைவிடக் கேவலமாக ஒருத்தி பொறாமைப்பட முடியுமா என்று தெரியவில்லை.

கோவிலூர் மடத்துக்கு வந்திருந்த ஒரு மலேசியாக்காரரிடம், நான் தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வந்தவள் என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டில் மின்சாரம் இருந்தது மட்டுமல்ல, படிக்கும் மேசைக்கென்று அப்பா தனி விளக்கு வாங்கி வைத்திருந்தார். அந்த மனிதர் "அப்படியா" என்று சொல்லிவிட்டு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். பொய்யும் சொல்லி, அது விலையும் போகவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் மாலை வகுப்புக்கு ஆபத்து வந்தது. பகலில் சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற பெண்கள், சாயங்காலம் வந்து பில் போடவும் கணக்கு எழுதவும் படிக்கிற வகுப்பு அது. எங்கள் வகுப்புகளிலேயே அதிகம் பேருக்கு வேலை வாங்கித் தந்தது அதுதான். அதைத் தாங்கிவந்த ஒரு பெரிய கொடையாளர் கையை விரித்துவிட்டார். ஐந்து வருஷச் செலவை ஏற்க ஒருவர் தை மாதத்துக்குள் கிடைக்காவிட்டால் வகுப்பை மூடிவிடலாம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. கண்டுபிடிக்க வேண்டியவள் நான்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. ஆச்சியின் பேத்தி கல்யாணத்துக்கு மூத்த மகன் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். கல்யாணம் முடிந்த மறுநாள், புதன்கிழமை, அரைமணி நேரம் வாங்கியிருந்தேன். இதைச் சொன்னபோது அந்தப் பெண் சற்றுத் தயங்கிவிட்டு, "அக்கா, ஆச்சிகிட்டயே நேரா கேட்டுப் பாருங்களேன்" என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. அவர் அரைப்புள்ளி, அந்த வீட்டில் முடிவெல்லாம் மகன்தான், உனக்கு இதெல்லாம் தெரியாது என்று அவள் வாயை அடைத்தேன். மேலே ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள்.

அதோடு விட்டேனா? சந்திப்பு வியாழக்கிழமைக்கு மாறிவிட்டது என்று அவளிடம் சொன்னேன். மாறவில்லை. இந்தப் பெரிய தொகை என் கையால் வந்ததாக இருக்க வேண்டும், அவள் அம்மாவின் கைகளால் வந்ததாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான் காரணம்.

புதன்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தனியாகப் போனேன். முகப்பில் மகன் என்னை மரியாதையாக உட்காரவைத்தார். நான் பேச வேண்டியதை அழகாகப் பேசினேன். மாலை வகுப்பைப் பற்றிச் சொல்லும்போது, பெயரைச் சொல்லாமல் அந்தப் பெண்ணின் கதையையே எடுத்துவிட்டேன். அதுவும் எடுபடவில்லை. அவர் கைபேசி மேசைமேல் துடித்துக்கொண்டே இருந்தது. "நல்ல விஷயம்தான். ஒரு மெயில் போட்டு வைங்க, பாப்போம்" என்றார். "மெயில் போடுங்க" என்றால் என் தொழிலில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எழுந்தேன்.

சொல்லிக்கொள்ளாமல் போகக்கூடாதே என்று வளவுக்குப் போனேன். கல்யாண வீட்டுப் பந்திப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்து டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை கவிழ்த்து வைக்கவில்லை. சீரியல் எதுவும் ஓடவில்லை. பச்சையும் சிவப்புமாகப் பங்குச்சந்தை விலைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"அந்தப் புள்ள இன்னைக்கும் வரலையா?" என்றார்.

தோற்றுப்போன ஆத்திரத்தில் இருந்தேன். அந்தக் கேள்வி சரியாக அந்த இடத்தில் வந்து விழுந்தது. நான் வாயைத் திறந்து, இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிற அதைச் சொன்னேன். "அவ அம்மா இந்த வீட்டுல பாத்திரம் தேச்சவங்க ஆச்சி. பின்வாசல் வழியா வந்து போனவங்க. உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டா."

ஆச்சி டேப்லெட்டை அணைத்தார். "மொத நாளே சொல்லிட்டா. சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். அவ ஆத்தா நடை அப்படியே இருக்குல்ல" என்றார். பிறகு என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

"அங்குட்டு முகப்புல என்ன கேட்டீக எம் மகன்ட்ட?"

சொன்னேன்.

"ஆறு வருசமா இங்குட்டு ஒக்காந்து காப்பி குடிச்சீக. எங்கிட்ட ஒரு தடவ கேட்டிருக்கீகளா?" குரலில் கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஒங்க டைரிய ஒருக்கா விட்டுட்டுப் போனீக. ஆரோடதுன்னு பாக்கத்தான் தொறந்தேன். எம்பேருக்கு நேரா அரைவட்டம் போட்டு, பேத்தியப் பத்திக் கேக்கணும்னு எழுதியிருந்தீக. கோயில் வரிக்குத்தான் நான் அரைப்புள்ளி. எங்க ஆத்தா வீட்டுல எனக்குக் குடுத்த பணம் முழுசாத்தான் இருக்கு."

எனக்குத் தெரியாத விஷயமில்லை அது. இந்த ஊர்களில் பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்கு வரும் சீதனப் பணம் அவள் பெயரிலேயே இருக்கும், வளரும். கணவனோ மகனோ தொட முடியாது. காரைக்குடிக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை மறந்துவிட்டு, வரிக்கான கணக்கை எடுத்து ஒரு மனுஷிக்குப் போட்டுப் பார்த்தது நான்தான். அதுவும் அந்த மனுஷி நான்கு வருஷமாக எல்லாம் தெரிந்தே, நான் பேத்தியைப் பற்றி விசாரித்தபோதெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆச்சி பக்கத்து அலமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. அதை மடியில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டார்.

"அஞ்சு வருசத்துக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன். அந்தப் புள்ள போன மாசமே, அவ ஆத்தாளப் பாக்க வந்தப்போ, இங்குட்டு வந்து கேட்டுட்டா. நானும் சரின்னுட்டேன். ஆனா கையில வாங்கிக்கிற மாட்டேன்னுட்டா. எங்க அக்கா ஆறு வருசமா வாராக, அவுக வந்து கேக்கட்டும், அவுக கையிலயே குடுங்க ஆச்சின்னு சொல்லிட்டுப் போயிட்டா. நீங்க கேப்பீக கேப்பீகன்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்."

அந்த நிமிஷத்தில் எனக்கு நன்றி வரவில்லை. சந்தோஷம்கூட வரவில்லை. அவளை நிம்மதியாக வெறுக்கக்கூட விடாமல் செய்துவிட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது.

"இப்பக் கேளுங்க" என்றார் ஆச்சி.

அத்தனை வகுப்பு எடுத்தவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பேச்சைச் சுற்றிவளைத்துக் கொண்டுபோக இடமே இல்லை. "மாலை வகுப்பு மூடப்போகுது ஆச்சி. குடுங்க" என்றேன். கொடுத்தார். பணியாரம் வந்தது. இரண்டு வைத்திருந்தார்கள். இரண்டையும் தின்றேன்.

காரைக்குடி திரும்பும்வரை உறையை மடியில் வைத்திருந்தேன். நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அவள் மாலை வகுப்புக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். உறையை நீட்டினேன். மூலையில் இருந்த மஞ்சளைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்து, "நான் சொன்னேன்ல, ஆச்சி தருவாங்கன்னு" என்றாள். தான் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சந்திப்பு இன்றைக்குத்தான் என்பதை மறைத்துவிட்டேன் என்று நானே சொன்னேன்.

"தெரியும்க்கா. டிரைவர் அண்ணன் காலையிலயே போன் பண்ணி, நீ வரலையாம்மான்னு கேட்டாரு."

"பின்ன ஏன் வரல?"

"நீங்க கூப்பிடலையேக்கா" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாற்காலியை எடுத்தாள்.

அங்கே நான் அவளிடம் ஒன்று கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள் என்று ஒரே ஒரு சொல். கேட்பதற்காகவே சம்பளம் வாங்குகிறேன். ஆனாலும் வாய் வரவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். சாப்பிட்டதாகச் சொன்னாள். என் இடத்தில் அவள் இருந்திருந்தால் தயங்காமல் கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே நானும் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டேன். அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.